சபுர் (பயணம்) போன இடத்துல வயித்தால போனா என்ன பண்றது

ஏர்போர்ட்டுக்கு வண்டி கெளம்புற முந்தின ராத்திரி கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டின்னு நம்ம கடக்கரையோரம் எந்த வீட்டுல நொழஞ்சாலும் ஹால் நடுவுல ஒரு அட்டைப்பெட்டி வாயத் தொறந்துக்கிட்டு இருக்கும். தொதல், மாசி, கருவாடு, இடிச்ச மொளகாத்தூள், ஊறுகா எல்லாம் உள்ள போயி, 30 கிலோவத் தாண்டிருச்சான்னு தூக்கித் தூக்கிப் பாத்து, கடைசியா கெடைக்கிற சந்துல சொருகுறது மருந்துப் பை. அதுல பாராசிட்டமால் இருக்கும், வயித்தால போறத நிறுத்துற மாத்திரை ரெண்டு அட்டை இருக்கும், மெடிக்கல்ல கேட்டு வாங்குன ஆன்டிபயாடிக் ஒரு அட்டை இருக்கும், பெரியம்மா சொன்னாங்கன்னு ஒரு சின்னப் பொட்டலம் கசகசா கூட இருக்கும். ஓஆர்எஸ் பாக்கெட், அதான் தண்ணியில கரைச்சுக் குடிக்கிற உப்பு சக்கரைப் பொடி, இருக்கான்னு பாத்தா முக்காவாசிப் பேர்ட்ட இருக்காது, கேட்டா "அது சின்னப் புள்ளைங்களுக்குத் தானே"ன்னு சொல்லுவாங்க.

இந்தப் பையில உள்ளதெல்லாம் போறத நிறுத்துறதுக்கு எடுத்தது. ஆனா ஆள சாய்க்கிறது போறது இல்லைங்க, போகும்போது கூடவே போற தண்ணியும் உப்பும் தான். அத உள்ள திருப்பி ஊத்திக்கிட்டே இருந்தா பெரும்பாலான வயித்துப்போக்கு மூணுலேருந்து அஞ்சு நாளுக்குள்ள தானாவே நின்னுரும். போதாததுக்கு அந்தப் பையில உள்ள ஒண்ணு ரெண்டு சாமான் வயித்துக்கு ஒண்ணும் பண்ணுதோ இல்லையோ, போலீஸ் கேஸுல மாட்டிவிட்டுரும், அதுக்கு அப்பறம் வாரேன்.

மொதல்ல ஏன் வருதுன்னு பாத்துருவோம். நம்ம ஊர்ல தள்ளுவண்டியில கொடம் வச்சு தண்ணி எடுத்து, ஊத்து தோண்டி அள்ளிக் குடிச்சு வளந்தவங்களுக்கு ஒரு தைரியம் இருக்கும், நம்ம வயித்துக்கு ஒண்ணும் ஆகாதுன்னு. அதுல பாதி உண்மை. ஒரே ஊர்ல ரொம்ப வருஷம் இருந்தா அந்த ஊர்த் தண்ணியில சோத்துல சுத்துற கிருமிங்களோட ஒடம்பு பழகிரும், ஆனா அந்தப் பழக்கம் அந்த ஊர் கிருமிக்கு மட்டும் தான். ஈ-கோலைங்கிற ஒரே பேர்லயே எத்தனையோ வகை இருக்கு, அதுல நச்சு சொரக்கிற ஒரு வகைதான் பயணத்துல வர்ற வயித்துப்போக்குக்கு பெரிய காரணம், கோலாலம்பூர்ல இருக்கிறதும் கொழும்புல இருக்கிறதும் நம்ம வயிறு பாத்த அதே வகையா இருக்கணும்னு இல்ல. அது போக கேம்பைலோபேக்டர், ஷிகெல்லா, சால்மோனெல்லான்னு மத்த பாக்டீரியா, நோரோ வைரஸ், ஜியார்டியான்னு ஒரு ஒட்டுண்ணி, இதெல்லாம் இருக்கு. மொத்தத்துல பாக்டீரியா தான் ஜாஸ்தி.

எப்ப வந்துச்சுங்கிறத வச்சே ஓரளவு கண்டுபுடிக்கலாம். சாப்ட்ட ஒண்ணுலேருந்து ஆறு மணி நேரத்துக்குள்ள கொடலப் புரட்டி வாந்தி வந்தா அது பெரும்பாலும் சோத்துல ஏற்கனவே ஊறி இருந்த நச்சு. அரை நாள் கழிச்சோ ரெண்டு மூணு நாள் கழிச்சோ வயித்தால போச்சுன்னா கிருமி உள்ள போயி பெருகுனது. ஒரு வாரம் ரெண்டு வாரம் கழிச்சு மெதுவா ஆரம்பிச்சு, வயிறு உப்பிசம், நாத்தமான ஏப்பம்னு இழுத்துக்கிட்டே கெடந்தா ஜியார்டியாவா இருக்கலாம், அதுக்கு டெஸ்ட் எடுத்து தனி மருந்து குடுக்கணும்.

இதுல நம்ம கடக்கரைக்கு ஒரு பழைய கணக்கு இருக்கு. மண்டபம் கேம்ப்னு சொன்னா இப்ப எல்லாருக்கும் இலங்கை அகதிங்க தான் ஞாபகம் வரும், ஆனா அந்த கேம்ப் மொதல்ல எதுக்கு வந்துச்சுன்னா, தேயிலைத் தோட்டத்துக்குப் போற கூலி சனத்த நிறுத்தி வச்சு வாந்திபேதியும் அம்மையும் இல்லைன்னு பாத்து அனுப்புறதுக்குத் தான். நடத்துனதே சிலோன் அரசாங்கம், நம்ம மண்ணுல. 1914ல பாம்பன் பாலம் தொறந்து, தனுஷ்கோடியிலேருந்து தலைமன்னாருக்கு கப்பல் ஓட ஆரம்பிச்ச காலத்துல அந்த வழியா போன தோட்டத் தொழிலாளிங்க மண்டபத்துல சில நாள் தங்கி டாக்டர் கண்ணுல பட்டுட்டுத் தான் கப்பல் ஏறணும். வாந்திபேதின்னு நம்ம பெரியவங்க சொன்னது காலரா தான், பேர வாயால சொல்லவே பயப்படுவாங்க.

ஹஜ்ஜு பக்கமும் அதே கதை தான். 1865 ஹஜ்ஜுல காலராவுக்கு ஏறத்தாழ 15,000 பேர் மௌத்தானதா கணக்கு இருக்கு, அதுக்கப்பறம் தான் உலக நாடுங்க ஒக்காந்து ஹாஜிமார் வர்ற போற வழியில எல்லாம் தடுப்பு முகாம் போட்டாங்க. செங்கடல் ஓரம் சினாய் பக்கத்துல எல் தோர்னு ஒரு எடம், 1905ல அங்க இருந்த முகாம்ல திரும்பி வந்த ஹாஜிங்க ஒடம்புலேருந்து எடுத்த காலரா கிருமிக்கு அந்த ஊர் பேரையே வச்சாங்க. அப்ப அத யாரும் பெருசா எடுத்துக்கல. 1961ல இந்தோனேசியாவுலேருந்து கெளம்பி உலகம் பூரா பரவுன காலரா அதே எல் தோர் வகை தான், இன்னைக்கு வரைக்கும் ஓயல. 1992ல இன்னொரு புது வகை தலையக் காட்டுனப்ப மொதல்ல கண்டுபுடிச்ச எடங்கள்ல ஒண்ணு நம்ம சென்னை.

இவ்வளவு சனத்தக் கொன்ன நோய்க்கு மருந்துன்னு கடைசியில வந்து நின்னது உப்பும் சக்கரையும் கலந்த தண்ணி, அதான் எனக்கு இதுல ரொம்பப் புடிச்ச விஷயம். கிருமியோட நச்சு கொடல்ல உள்ள செல்லுங்கள முறுக்கி விட்டு தண்ணியையும் உப்பையும் வெளிய கொட்ட வைக்குது, கடுமையான காலரால மணிக்கு ஒரு லிட்டர் வரைக்கும் போகும். அந்த நேரத்துல வெறும் தண்ணி குடிச்சா ஒடம்பு சரியா உறிஞ்சாது, குடிச்சது அப்படியே வெளிய போகும். ஆனா கொடல்ல ஒரு கதவு மட்டும் அந்த நச்சுக்கு மசியாது. அது சோடியமும் குளுக்கோஸும் ஜோடியா வந்தா மட்டும் தொறக்கிற கதவு, தனித்தனியா வந்தா தொறக்காது, ஜோடியா உள்ள போகும்போது பின்னாடியே தண்ணியும் போயிரும். ஓஆர்எஸ்ல சக்கரை போடுறது ருசிக்கோ தெம்புக்கோ இல்ல, இந்தக் கதவுக்காகத் தான்.

1971 பங்களாதேஷ் போர் சமயம், மேற்கு வங்கத்துல பங்கான் அகதி முகாம்ல காலரா பரவி, ஏத்துறதுக்கு சலைன் பாட்டில் தீந்து போச்சு, அப்ப டாக்டர் திலீப் மஹலநபிஸ் உப்பு சக்கரைத் தண்ணிய டிரம்ல கலக்கி வச்சு கூட வந்த சொந்தக்காரங்களையே ஊத்தி விடச் சொன்னாரு. 30 சதவீதம் வரைக்கும் போயிக்கிட்டு இருந்த சாவு, அவரு பாத்த நோயாளிங்கள்ல 4 சதவீதத்துக்கும் கீழ வந்துருச்சு. அவரு 2022ல எறந்ததுக்கு அப்பறம் 2023ல தான் பத்ம விபூஷண் குடுத்தாங்க, ரொம்ப லேட்டு.

இப்ப கைக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனத்தோட அளவுல ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் 2.9 கிராம், மொத்தம் 20.5 கிராம். பெரிய பாக்கெட்டத் திருப்பிப் பாத்தா ஒரு லிட்டர் தண்ணிக்குன்னு போட்டிருக்கும், சின்னது 200 மில்லிக்கு. நம்மாளு என்ன பண்ணுவாரு, பெரிய பாக்கெட்டக் கிழிச்சு ஒரு டம்ளர்ல கொட்டி, கலக்கி, மூஞ்சியச் சுளிச்சு ஒரு மடக்கு குடிச்சுட்டு "உப்புக் கரிக்குது"ன்னு வச்சுருவாரு. கரிக்கத் தான் செய்யும், அஞ்சு மடங்கு கட்டியா இருக்கே, அப்படிக் குடிச்சா வயித்தால போறது இன்னும் கூடும். வளைகுடாவுல கடையில கெடைக்கிற பெரிய தண்ணி பாட்டில் ஒன்றரை லிட்டர், அதுல மூணுல ஒரு பங்க மொதல்ல குடிச்சுருங்க, மிச்சம் ஒரு லிட்டர்ல முழு பாக்கெட்டையும் கொட்டிக் குலுக்குங்க, சரியா இருக்கும். அரை லிட்டர் பாட்டில்னா பாதிப் பாக்கெட் போட்டு மடிச்சு வைக்கிற வேலையெல்லாம் வேணாம், ரெண்டு பாட்டில ஒரு ஜக்குல ஊத்திக் கலக்குங்க. 24 மணி நேரத்துக்கு மேல வச்ச கலவையக் கொட்டிரணும்.

ஒவ்வொரு தடவ போயிட்டு வந்ததுக்கு அப்பறமும் பெரிய ஆளு ஒரு பெரிய டம்ளர், 200லேருந்து 400 மில்லி வரைக்கும், ரெண்டு வயசுக்குக் கீழ உள்ள புள்ளைன்னா 50லேருந்து 100 மில்லி, அதுக்கு மேல பத்து வயசு வரைக்கும் 100லேருந்து 200 மில்லி. வாந்தி எடுத்துட்டா பத்து நிமிஷம் விட்டுட்டு ஸ்பூன் ஸ்பூனா ஆரம்பிங்க, மடக்குன்னு குடிக்காதீங்க. பாக்கெட்டே கெடைக்கல, நடு ராத்திரின்னா ஒரு லிட்டர் சுத்தமான தண்ணியில தட்டையா ஆறு டீஸ்பூன் சக்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இதுல உப்பு கூடிரக் கூடாது, அதான் முக்கியம். பொடி உப்பாவே போடுங்க.

கஞ்சித்தண்ணியில உப்பு போட்டுக் குடிக்கிறது நம்ம ஊர் பழக்கம், அது நல்ல மருந்து தான், அரிசி மாவுச்சத்து கொடல்ல குளுக்கோஸா ஒடையும், உப்பு கூட சேர்ந்துரும், அதே கதவுல தான் போகும். எளநி விஷயத்துல தான் ஆளுங்க ஏமாறுவாங்க, அதுல பொட்டாசியம் நிறைய இருக்கு, சோடியம் கம்மி, அதனால எளநி மட்டும் குடிச்சுக்கிட்டு இருந்தா பத்தாது. கோலா, டப்பா ஜூஸ், சக்கரை ஜாஸ்தியான டெட்ரா பாக்கெட் பானம் எதுவும் வேணாம், அளவுக்கு மீறுன சக்கரை கொடலுக்குள்ள தண்ணிய இழுத்து இன்னும் போக வைக்கும். அந்தப் பானங்கள்ல சிலது ஓஆர்எஸ்னு பேர் போட்டே வித்துக்கிட்டு இருந்துச்சு, 2025 அக்டோபர்ல தான் நம்ம உணவுப் பாதுகாப்பு ஆணையம் சரியான அளவுல இல்லாதது எதுவும் அந்தப் பேரப் போடக் கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு.

சுகர் உள்ளவங்க ஓஆர்எஸ்ல சக்கரை இருக்கேன்னு பயந்து தொடமாட்டாங்க, இது தப்பு. நீர்ச்சத்து கொறையுறது அந்தச் சக்கரைய விட பல மடங்கு ஆபத்து. உம்ராவுக்கும் ஹஜ்ஜுக்கும் போற நம்ம வாப்பா, உம்மா வயசு ஆளுங்கள்ல எத்தனை பேரு மெட்ஃபார்மின்ங்கிற சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் போடுறாங்கன்னு பாருங்க. ஒடம்புல தண்ணி வத்திக் கெடக்கும்போது அதுல சில மாத்திரைங்க கிட்னிக்கு சுமையாயிரும், அதனால கெளம்புறதுக்கு முன்னாடியே "வயித்தால போனா எத நிறுத்தணும், எத விடாமப் போடணும்"னு பாக்குற டாக்டர்ட்ட கேட்டு ஒரு சீட்டுல எழுதி வாங்கிக்கங்க. நீங்களா நிறுத்தாதீங்க, குறிப்பா இன்சுலின.

நிறுத்துற மாத்திரைன்னு சொன்னேன்ல, லோபரமைடு, அது கொடலோட ஓட்டத்த மெதுவாக்கும், அவ்வளவு தான், கிருமிய ஒண்ணும் பண்ணாது. எட்டு மணி நேரம் ஃபிளைட்லயோ பஸ்ஸுலயோ ஒக்காரணும்னா பெரியவங்க அட்டையில போட்ட அளவுக்குப் போட்டுக்கலாம். காய்ச்சல் இருந்தாலோ, மலத்துல ரத்தம் சளி போனாலோ, அதான் சீதபேதி, போடவே கூடாது, உள்ள இருக்க வேண்டிய அவசியம் இல்லாதத உள்ள அடைச்சு வச்ச மாதிரி ஆயிரும். சின்னப் புள்ளைங்களுக்கு அறவே வேணாம். அளவு மீறுனா இதயத் துடிப்பையே கொழப்பும், சும்மா சொல்லல. புள்ளைங்களுக்கு ஓஆர்எஸ் கூட குடுக்க வேண்டியது துத்தநாகம், ஆறு மாசத்துக்கு மேல 20 மில்லிகிராம், கீழ 10, பத்துலேருந்து பதினாலு நாள் வரைக்கும்.

ஆன்டிபயாடிக் பத்தி சுருக்கமா. நம்ம ஊர்ல ரெண்டு தடவ வயித்தால போனாலே நார்ஃப்ளாக்சசினும் டினிடசோலும் சேந்த மாத்திரைய மெடிக்கல்ல வாங்கி முழுங்குற பழக்கம். நார்ஃப்ளாக்சசின் குடும்பத்து மருந்துங்களுக்கு தெற்காசியா தென்கிழக்காசியா பக்கத்துக் கிருமிங்க பெரும்பாலும் மசியுறது இல்ல. வைரஸா இருந்தா எதுவுமே கேக்காது. சவுதியிலயும் துபாய்லயும் சீட்டு இல்லாம ஆன்டிபயாடிக் குடுக்க மாட்டாங்க, அது நம்மளக் கஷ்டப்படுத்துறதுக்குன்னு நெனச்சு ஊர்லேருந்து அட்டை அட்டையா கொண்டு போறாங்க. என்னையக் கேட்டா அந்த விஷயத்துல அவுங்க செய்றது தான் சரி.

கசகசாவுக்கு வாரேன். வயித்துக் கடுப்புக்கு கசகசாவ வறுத்து அரைச்சுக் குடுக்கிறது நம்ம வீட்டு வைத்தியம், ஆனா அது அபினிச் செடியோட வெத, ஐக்கிய அரபு அமீரகத்துலயும் சவுதியிலயும் கொண்டு போறது சட்டப்படி குத்தம். சமையலுக்கு ஒரு பிடி, மருந்துக்கு ஒரு பொட்டலம்னு சொல்லிப் பாத்தாலும் கஸ்டம்ஸ்ல எடுபடாது. அதே மாதிரி டைபீனாக்சிலேட்டுங்கிற மருந்து சேந்த பேதி மாத்திரை ஒண்ணு இருக்கு, அதுவும் ஓபியாய்டு, அதாவது அபினி மாதிரி வேலை செய்ற வகை தான், ட்ரமடால், கோடீன் சேந்த வலி மாத்திரை இருமல் மருந்து கதையும் அது தான். எந்த மாத்திரை கொண்டு போனாலும் அட்டையோட, டாக்டர் சீட்டோட, போற நாட்டு சுகாதாரத் துறை லிஸ்டப் பாத்துட்டு கொண்டு போங்க. பிரிச்சு டப்பாவுல போட்டு மட்டும் கொண்டு போகாதீங்க. அடுத்தவங்க "எங்க மச்சான்ட்ட குடுத்துருங்க"ன்னு குடுக்கிற பொட்டலத்தையும் பிரிச்சுப் பாருங்க, சங்கடமா இருந்தாலும்.

ரூம்ல எட்டுப் பேர் பத்துப் பேர் தங்கி வேலைக்குப் போற நம்ம பசங்களுக்கு ஓட்டல் சாப்பாட்ட விட ரூம் சோறு தான் பல நேரம் வில்லன். விடிய நாலு மணிக்கு எந்திரிச்சு ராத்திரி வடிச்ச சோத்த சூடோட டிபன்ல அமுக்கி மூடி, பஸ்ஸுல எடுத்துட்டுப் போயி, சைட்டுல வெயில்ல ஒரு ஓரமா வச்சு மத்தியானம் தொறந்து திங்கிறது. அரிசியில பேசில்லஸ் சீரியஸ்னு ஒரு பாக்டீரியாவோட வித்து இருக்கும், கொதிக்கிற ஒலையிலயும் சாகாது, சோறு வெதுவெதுப்பா மணிக்கணக்குல கெடந்தா முளைச்சு நச்சு விடும், வாந்தி வர வைக்கிற அந்த நச்சு திரும்ப சூடு பண்ணுனாலும் அழியாது. "சூடு பண்ணித் தானே தின்னேன்"ன்னு சொல்றவங்களுக்கு இதான் பதில். நம்ம பழைய சோறு தின்னு வளந்தோமேன்னு கேக்கலாம், அது தண்ணி ஊத்திப் புளிக்க விட்டது, புளிப்புல நெறைய கிருமி வளராது, டிபன்ல அமுக்குன உலர்ந்த சோறு அப்படி இல்ல. வடிச்ச சோத்த தட்டுல பரப்பி ஆற விட்டு சீக்கிரமா ஃபிரிட்ஜுல வச்சா பாதிப் பிரச்சனை தீந்துரும். அங்க ஜூன் 15லேருந்து செப்டம்பர் 15 வரைக்கும் மத்தியானம் 12.30லேருந்து 3 மணி வரைக்கும் வெயில்ல வேலை வாங்கக் கூடாதுன்னு அமீரகத்துல சட்டமே இருக்கு, அந்த வெக்கையில வயித்தாலயும் போனா ஆளு சுருண்டு விழுந்துருவாரு, மேஸ்திரி என்ன சொல்லுவாருன்னு பாத்து மறைச்சுட்டு வேலைக்குப் போகாதீங்க.

மீன் விஷயத்துல நம்மாளுங்களுக்கு கொஞ்சம் தலக்கனம் உண்டு. சூரை, கானாங்கெளுத்தி மாதிரி மீன புடிச்சதும் ஐஸ்ல வைக்காம விட்டா அதுல ஹிஸ்டமின் ஏறிரும், அத எவ்வளவு கொழம்பு வச்சாலும் பொரிச்சாலும் போகாது. தின்ன கொஞ்ச நேரத்துல மொகம் செவந்து, தல வலிச்சு, ஒடம்பு அரிச்சு, வயித்தால போகும், நாக்குல மொளகு மாதிரி உறைக்கும். அலர்ஜின்னு நெனச்சு வாழ்க்கை பூரா மீனையே ஒதுக்கிருவாங்க. ஷவர்மாவுக்கு ஊத்துற பச்ச முட்ட மயோனைஸ் இன்னொரு வம்பு, தமிழ்நாட்டுலயே 2025 ஏப்ரல்ல ஒரு வருஷத்துக்குத் தடை போட்டாங்க.

ரூம்ல ஒருத்தருக்கு வந்தா எல்லாருக்கும் வர்றது பெரும்பாலும் நோரோ வைரஸ். இதுக்கு சானிட்டைசர் சரியா கேக்காது, சோப்புப் போட்டுத் தேச்சுக் கழுவணும், நோய் வந்த ஆளு வாந்தியும் பேதியும் நின்னு ரெண்டு நாள் ஆகுற வரைக்கும் அடுப்புப் பக்கம் வரக் கூடாது.

ஆஸ்பத்திரிக்கு எப்பப் போகணும்னா, மலத்துல ரத்தம், 102 டிகிரிக்கு மேல காய்ச்சல், குடிச்ச தண்ணி ஒரு மடக்கு கூட தங்கல, எட்டு மணி நேரமா ஒண்ணுக்கே போகல, கண்ணு உள்ள போயி எந்திரிச்சா தல சுத்துது, மூணு நாள் தாண்டியும் கொறையல, இதுல எது ஒண்ணு இருந்தாலும் பொறுக்கக் கூடாது. கர்ப்பிணி, பச்சப்புள்ள, வயசாளின்னா இதுக்கும் முன்னாடியே. புள்ளைங்களுக்கு வயித்துத் தோல ரெண்டு வெரலால கிள்ளி விட்டுப் பாருங்க, மடிப்பு ஒடனே தளராம மெதுவா போச்சுன்னா தண்ணி வத்திருச்சுன்னு அர்த்தம். ஆம்புலன்ஸ் நம்பர் அமீரகத்துல 998, சவுதியில 997, மலேசியாவுல 999, சிங்கப்பூர்ல 995. இலங்கையில 1990, இந்தியா குடுத்த உதவியில ஆரம்பிச்ச இலவச ஆம்புலன்ஸ் அது. செலவுக்குப் பயந்து படுத்துக் கெடக்கிறவங்க, அமீரகத்துல 2025 ஜனவரிலேருந்து ஷார்ஜா, அஜ்மான் மாதிரி வடக்கு எமிரேட்டுங்கள்லயும் முதலாளி இன்சூரன்ஸ் எடுக்கணும்னு கட்டாயம் ஆயிருச்சு, உங்க கார்டு எங்க இருக்குன்னு நல்லா இருக்கும்போதே கேட்டு வாங்கி வைங்க.

இதெல்லாம் அங்கிட்டுப் போறதுக்கு மட்டும் இல்ல, இங்கிட்டு வர்றதுக்கும் தான். வளைகுடாவுல பொறந்து வளந்த புள்ளைங்க ஜூலை லீவுக்கு ஊருக்கு வந்தா ரெண்டாவது மூணாவது நாளே வயித்தால போயி கெடக்கும், உம்மம்மா உடனே "கண்ணு பட்ருச்சு"ன்னு சொல்லுவாங்க. அந்தப் புள்ளைங்க தான் இங்க வெளிநாட்டுக்காரங்க, நம்ம ஊர்க் கிருமி அதுக வயித்துக்குப் புதுசு. அதுக குடிக்கிற தண்ணிய கொதிக்க வச்சு ஆத்திக் குடுங்க, ஐஸ் கட்டி வேணாம், பாலிதீன் பாக்கெட் ஐஸும் வேணாம். டைபாய்டு தடுப்பூசி வர்றதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே போட்டுட்டு வரச் சொல்லுங்க, போறவங்களும் போட்டுட்டுப் போகலாம். டைபாய்டு உள்ள போயி வெளிய தெரியவே ஒண்ணுலேருந்து நாலு வாரம் வரைக்கும் ஆகும், அதனால ஊர் திரும்பி ஒரு மாசம் வரைக்கும் காய்ச்சல், வயித்துக் கோளாறுன்னு எதுக்கு டாக்டர்ட்ட போனாலும் எந்த நாட்டுல இருந்தீங்க, என்னைக்கு வந்தீங்க, அங்க என்ன மாத்திரை முழுங்குனீங்கங்கிறத அவரு கேக்குறதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிருங்க.